வாயு மூலைப் பக்கம் திருப்பு, பேராண்டி

உக்காரு கண்ணு, உக்காரு. அந்தப் பெட்டியில எரியிற சிவப்பு விளக்க எத்தினி நேரம்தான் பாத்துக்கிட்டு நிப்ப? கோயில் விளக்கா இருந்தாலாவது கன்னத்துல போட்டுக்கலாம். முக்கால் மணி நேரமா கஸ்டமர் கேருக்குப் போன் போட்டு, ஒண்ண அமுக்கு, நாலை அமுக்குன்னு அந்தப் பொம்பளக் குரல் சொன்னதெல்லாம் தப்பாம அமுக்கின. நம்ம சிவப்பு மாட்டுக்கிட்ட உக்காந்து அப்படி அமுக்கியிருந்தா ரெண்டு படி பாலாவது கறந்திருக்கும்.

பால்கனிப் பக்கம் எங்கடா போற? அங்க ஒண்ணுமில்ல, என் அவரைத் தொட்டிதான் இருக்கு. இப்படி வா.

மேட்ச் போச்சேன்னு மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்க. எலக்ட்ரானிக் சிட்டியில பதினோராவது மாடி. செவுத்துல கதவு அகலத்துக்கு ஒரு டிவி. மாசம் பொறந்தா பைபருக்கு ஒரு காசு, படம் காட்டுறவனுக்கு ஒரு காசு, மேட்ச் காட்டுறவனுக்கு ஒரு காசு, பாட்டுக்கு நடுவுல விளம்பரம் போடாம இருக்கிறதுக்கு ஒரு காசு. பேசாம இருக்கிறதுக்குக் கூலி வாங்குறவன இந்த ஊர்லதான் பாத்தேன். இத்தனையும் ஒரு மெல்லிசு கண்ணாடி நார நம்பி நிக்குது. சரி, அதப் பத்தி எனக்கென்ன வந்துச்சு. படிச்ச புள்ள, கணக்குப் போடாமயா செஞ்சிருப்ப.

ஹால் சன்னல் வழியா வடக்கே பாரு. கட்டடம் கட்டடமாத் தெரியுதா? அதுக்கெல்லாம் அந்தாண்ட, காக்கா பறக்குற வழியில இருபது கிலோமீட்டர் போனா ஜே.சி. நகர். அங்க தூர்தர்ஷன் ஆபீசும் கோபுரமும் இருக்கு. இந்த ஊருக்கு டிவி வந்தது 1981 நவம்பர் மாசம். அங்கேருந்து அலை கிளம்பி நேராப் போகும். நடுவுல மீட்டர் கிடையாது, ஓடிபி கிடையாது. புடிக்கத் தெரிஞ்சவன் வீட்டுக்கு வரும், தெரியாதவன் வீட்டத் தாண்டிப் போயிடும்.

சிரிக்கிற. "தூர்தர்ஷனா தாத்தா?"ன்னு கேக்கறப்பவே உன் மூக்கு மேல ஏறுது. கேட்டதுல தப்பில்ல. நம்ம வீட்டுக் கெணத்துத் தண்ணிக்கு என்னைக்குமே ருசி கிடையாது, பாட்டில்ல அடைச்சு மூடி போட்டாதான் ருசி வரும்.

உங்க பெங்களூர்க்காரங்களுக்கு டிவி விசயத்துல ஒரு பெருமையும் பேச வழியில்ல, தெரியுமா? 1975-ல, அமெரிக்காக்காரன்கிட்ட ஏடிஎஸ்-6ன்னு ஒரு சாட்டிலைட்ட ஒரு வருசத்துக்கு இரவல் வாங்கி, இந்தியாவுல 6 மாநிலத்துல 2400 கிராமத்துக்கு டிவி காட்டினாங்க. சைட்டுன்னு பேரு. கர்நாடகத்துல எந்த ஊருங்கிற? பிஜாப்பூர், ராய்ச்சூர், குல்பர்காப் பக்கத்துக் கிராமங்க. கோழிக்கூண்டு போடுற கம்பி வலையில பத்தடிக்குக் குடை மாதிரி செஞ்சு, வானத்தப் பாத்து வெச்சு, சோளக்காட்டுக்காரன் சாயங்காலம் உக்காந்து விவசாயப் பாடம் பாத்தான். அந்த வருசம் விதான சௌதாவுல உக்காந்திருந்த மந்திரி வீட்ல டிவி இல்ல, ராய்ச்சூர்ல கோவணம் கட்டினவன் பாத்துட்டான். 1976 சூலையில வருசம் முடிஞ்சுது, சாட்டிலைட்டக் கொண்டுபோயிட்டாங்க. அதுக்கப்புறம் அஞ்சு வருசம் கழிச்சுத்தான் பெங்களூருக்கு வெளிச்சம். நம்ம ஊர் டிவி கோபுரங்களுக்கு டிரான்ஸ்மிட்டர் செஞ்சு குடுத்ததே ஜாலஹள்ளியில இருக்கிற பெல் கம்பெனிதான், அது வேற கூத்து. செருப்புத் தைக்கிறவன் வெறுங்காலோட நடந்த கதை.

எங்க கதையச் சொல்றேன் கேளு. ஓசூர்லேருந்து ரெண்டு மைல் உள்ள நம்ம ஊரு. ஊர்ல மொதல் டிவி ரைஸ் மில்லுக்காரர் வீட்ல, ரெண்டு பக்கமும் மர ஷட்டர் இழுத்து மூடுற சாலிடேர் பெட்டி. டிவி வெச்சிருக்கறதுக்கு அப்போ லைசென்சு உண்டு, தபாலாபீசுல பணங்கட்டணும். நாய்க்கும் சைக்கிளுக்கும் வில்லை கட்டின காலம் பாரு, டிவிக்கும் அப்படித்தான். ரெண்டு வருசம் அவங்க திண்ணையில பாத்துட்டு, ஒரு வேர்க்கடலை வெள்ளாமையில நானும் ஒண்ணு வாங்கினேன். கறுப்பு வெள்ளை. வாங்கி வெச்சு சுவிச்சப் போட்டா மழை பெய்யுது. உங்க பாட்டி கும்பிட்டுட்டு, "நல்ல சகுனம்"ன்னா. வெளிய வெயில் மண்டையப் பொளக்குது.

ஓசூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ரேடியோ ரிப்பேர் கடை வெச்சிருந்த ஒருத்தர்தான் எனக்குக் குரு. அவர் சொன்ன கணக்க இன்னைக்கும் சொல்லுவேன், நீ உன் கம்ப்யூட்டர்ல சரிபாத்துக்க. கோபுரத்து உயரத்த மீட்டர்ல எடு. அதுக்கு வர்க்க மூலம் பாரு. நாலால பெருக்கு. அத்தினி கிலோமீட்டர் வரைக்கும் அந்த அலை பூமி வளைவத் தாண்டி எட்டிப் பாக்கும். நூறு மீட்டர் கோபுரம்ன்னு வெச்சுக்க. பத்து, நாப்பது கிலோமீட்டர். உன் ஆன்டெனா பத்து மீட்டர் உயரத்துல இருந்தா அதுக்கு ஒரு பன்னெண்டு சேத்துக்க. மொத்தம் அம்பத்திரண்டு. ஜே.சி. நகர்லேருந்து ஓசூர் நேர்க்கோட்டுல நாப்பதுக்குள்ள. ஆக, எங்க ஊர் பெங்களூர் கோபுரத்தோட கைக்கு எட்டின ஊரு. மெட்ராஸ் இருநூத்தி அறுபதுக்கு மேல. மெட்ராஸ் அலை எங்க ஊருக்கு வரணும்னா அது பஸ்ஸுலதான் வரணும்.

அதனால நாங்க தமிழ்நாட்ல உக்காந்துக்கிட்டு ஆன்டெனாவ வாயு மூலைக்குத் திருப்பி வெச்சோம். ஓசூருக்கு பெங்களூர் சரியா வடமேற்கு. வாஸ்து பாக்குறவன் அங்க என்ன வெக்கச் சொல்லுவான்? காத்துக்கு அதிபதி வாயு. காத்துல வர்றத காத்தோட மூலையிலேருந்து வாங்கு. இந்த விசயத்துல சாஸ்திரமும் சயின்சும் சண்டை போடல, பாத்துக்க.

காஞ்சிபுரத்துல கட்டிக்குடுத்த என் தங்கச்சி வெள்ளிக்கிழமையானா "ஒளியும் ஒலியும்" பாத்தேன், எம்ஜியார் பாட்டு போட்டான், சிவாஜி பாட்டு போட்டான்னு லெட்டர் போடுவா. இங்க எங்களுக்கு ராஜ்குமார். கன்னடம் ஒரு வார்த்தை தெரியாத கெழவியெல்லாம் "வார்த்தெகளு"ன்னு சொன்னா நியூசுன்னு எழுந்து அடுப்படிக்குப் போயிடும். ஓசூர்க்காரன் மூணு பாஷை பேசுறதப் பாத்து பள்ளிக்கூட வாத்தியாருங்க பெருமப்படுவாங்க. பாதி பெருமை அந்த அலுமினியக் குச்சிக்குச் சேரணும்.

அத திருப்புறது லேசுன்னு நெனைக்காத. நான் ஓட்டு மேல. உங்கப்பன் ஏணிக்கிட்ட. உங்க பாட்டி வாசப்படியில. டிவி முன்னாடி உங்க பெரியத்தை. "தெரியுதா?"ன்னு நான் கேப்பேன். அது உங்கப்பன் வாய்க்கு வந்து, பாட்டி வாய்க்கு வந்து, அத்தை காதுக்குப் போகும். அவ "இன்னும் கொஞ்சம்"ன்னு சொல்லுவா. அது திரும்பி வரும்போது பாட்டி நடுவுல தன் பங்குக்கு "அரிசி இல்ல, புண்ணாக்கு இல்ல, ஓட்டு மேல என்ன ஆட்டம்"னு சேத்து அனுப்புவா. எனக்கு வந்து சேர்றப்ப சேதி என்னான்னா "புண்ணாக்கு தெரியுது". நான் எந்தப் பக்கம்டா திருப்பறது? பக்கத்து வீட்டுக் கன்னடக்காரர் அவங்க கூரையில நின்னுக்கிட்டு, "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி"ம்பார். இந்த ஊர்க்காரங்க உலகத்துக்கே குடுத்த உபதேசம் அது. ஆன்டெனாவப் பொறுத்தவரைக்கும் வேத வாக்கு.

கணக்குக்கு அடங்காத அலையும் உண்டு. ராமேஸ்வரத்துல என் சம்பந்தி வகையில ஒருத்தர் பனை உசரத்துக்குக் கொம்பு நட்டு ரூபவாஹினி பாத்தாரு. 1982-ல இலங்கைக்காரன் ஆரம்பிச்சது. பிதுருதலாகல மலை உச்சியில, 2524 மீட்டர் மேல, டிரான்ஸ்மிட்டர் வெச்சான். என் குரு கணக்குப்படி பாத்தாலும் அது இருநூறு கிலோமீட்டர்ல தீந்துபோகணும். ராமேஸ்வரமோ முன்னூறு. எப்படி வந்துச்சு? ராத்திரியில கடல் மேல குளிர் காத்து கீழயும் சூட்டுக் காத்து மேலயும் அடுக்கா நின்னா, அலை அதுக்குள்ள மாட்டிக்கிட்டு, வாய்க்கால்ல தண்ணி ஓடுற மாதிரி தூரம் ஓடும். ராத்திரி தெரியும், விடிஞ்சா தெரியாது. அவர் சிங்களப் பாட்டுக்குத் தாளம் போடுவாரு. அர்த்தம் கேட்டா, "அலை வந்ததே பெருசு, அர்த்தம் வேறயா?"ம்பாரு.

சரி, கோபுரத்துக்கு வருவோம். இப்ப அது பழைய மாதிரி இல்லடா. 2016 பிப்ரவரியில தூர்தர்ஷன் 16 ஊர்ல டிஜிட்டல்ல தரைவழியா ஒளிபரப்புறதா அறிவிச்சுது. டில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னைன்னு போற பட்டியல்ல உங்க பெங்களூரும் உண்டு. டிவிபி-டி2ன்னு அதுக்குப் பேரு. பழைய காலத்துல ஒரு சேனல் உக்காந்த இடத்துல, இப்ப டிடி நேஷனல், நியூஸ், பாரதி, ஸ்போர்ட்ஸ், அந்தந்த ஊர் பாஷைச் சேனல் இல்லாட்டி கிசான்னு அஞ்சு உக்காரும். ஷேர் ஆட்டோக் கணக்கு.

உனக்குத் தெரியுமா இது? தெரியாது. இந்த அபார்ட்மெண்டுல நானூறு வீடு, ஒருத்தனுக்கும் தெரியாது. எப்படித் தெரியும்? காசு வாங்குறவன் வாசலுக்கு வந்து சொல்லுவான். காசு வாங்காதவன் எதுக்கு வரணும்? பைபர்காரன் லிப்டுல நோட்டீசு ஒட்டுறான். கோபுரத்துக்காரன் ஒட்டியிருக்கானா? கவர்மெண்டு ஒரு நல்ல காரியத்தச் செஞ்சுட்டு, திருட்டுக் கல்யாணம் பண்ணின மாதிரி வாயத் தொறக்காம இருக்கு. சப்சிடி தென்னங்கன்னு வந்திருக்குன்னு நம்ம ஊர் ஆபீசுல போர்டு வெக்கிறப்ப, கன்னு எல்லாம் காஞ்சிருக்கும் பாரு. அந்த மாதிரி.

வெளிநாட்டுக்காரன் செஞ்சதப் பாரு. 2003 ஆகஸ்டுல பெர்லின் ஊரு உலகத்துலயே மொதல்ல பழைய அனலாக்க மூடிட்டு முழுக்க டிஜிட்டலுக்குப் போச்சு. அமெரிக்காக்காரன் 2009 சூன்ல மூடினான், மூடுறதுக்கு முன்னாடி கேட்ட வீட்டுக்கெல்லாம் பெட்டி வாங்க 40 டாலர் கூப்பன் குடுத்தான். ரேஷன் கார்டு மாதிரி வீட்டுக்கு ரெண்டு. நம்ம பக்கம் 2021-ல பிரசார் பாரதி சொல்லிச்சு, முக்கியமான இடங்கள்ல ஒரு அம்பது போல நிறுத்திக்கிட்டு மத்த அனலாக் டிரான்ஸ்மிட்டர எல்லாம் 2022 மார்ச்சுக்குள்ள மூடிடப் போறோம்ன்னு. மூடினப்ப எவனாவது அழுதானா? கேபிளும் குடையும் முன்னாடியே வந்தாச்சு, எந்த வீட்லயும் அழ ஆளில்ல. நாப்பது வருசம் ஓட்டு மேல ஏறி எறங்கின நான் மட்டும் அன்னைக்கு ஒரு டீ சேத்துக் குடிச்சேன்.

இப்ப உன் டிஜிட்டல் குணத்தப் புரிஞ்சுக்க. பழைய அலை இருக்கே, அது கேவுருக் கூழு. தண்ணி ஊத்த ஊத்த நீத்துப் போகும், ஆனாலும் குடிக்கலாம். படத்துல மழை பெஞ்சாலும் கபில்தேவ் ஓடிவர்றது தெரியும். டிஜிட்டல் முட்டை. ஓட்டுக்குள்ள இருக்கிற வரைக்கும் பிசிறில்லாம இருக்கும். ஒரு அளவு தாண்டினா ஒடைஞ்சு போச்சு. சிக்னல் கொறஞ்சா மொதல்ல மூஞ்சி கட்டம் கட்டமா ஆகும், அடுத்த நிமிசம் கறுப்புத் திரை. பாதி தெரியிற பேச்சே கிடையாது. அதனால "கொஞ்சம் மங்கலா வந்தாப் போதும்"ன்னு சன்னல்ல சாய்ச்சு வெச்சுட்டு வராத. நல்லா வர்ற இடத்துல இன்னும் கொஞ்சம் இருப்பு சேத்து வெக்கணும், மழைக்காலத்துக்கு விறகு அடுக்குற மாதிரி.

ஒரு விசயத்துல அது பழசவிட கெட்டி. அந்தக் காலத்துல அலை எதுத்த கட்டடத்துல மோதி ரெண்டாந்தரம் வந்தா, படத்துல ஆளுக்குப் பக்கத்துல நிழல் ஆளு நிப்பான். ஒரு கதாநாயகிக்கு ரெண்டு புருசன். இந்த பெங்களூர்ல இப்ப எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணாடிக் கட்டடம். பழைய அலையா இருந்தா ஒருத்திக்கு ஏழு புருசன் ஆகியிருக்கும். டி2 என்ன பண்ணுது? சேதிய ஆயிரக்கணக்கான சன்னச் சன்ன இழையாப் பிரிச்சு, ஒவ்வொண்ணையும் மெதுவா அனுப்புது. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவுல மூச்சு விடுது. நம்ம ஊர் மலையடிவாரத்துல ஆடு மேய்க்கிறவன் கூப்புடுறதக் கேட்டிருக்கியா? "ஓய்"ன்னு ஒண்ணு விட்டுட்டு நிப்பான். எதிரொலி அடங்கினப்புறம்தான் அடுத்தது. சடசடன்னு கத்தினா மலை அவன் பேச்சையே அவனுக்குக் கலக்கிக் குடுத்துடும்ன்னு தெரியும். அந்த வித்தைய இஞ்சினியருங்க பரீட்சை எழுதிக் கண்டுபுடிச்சிருக்காங்க. ஆட்டுக்காரனுக்கு ராயல்டி குடுத்தாங்களான்னு நான் கேக்கல.

இனிமே உபதேசம். பேனா எடுக்காத, காத நீட்டினாப் போதும்.

எஸ்.பி. ரோடு போ. சாதர் பத்ரப்பா ரோடுன்னு முழுப் பேரு சொன்னா ஆட்டோக்காரன் திருதிருன்னு முழிப்பான். சிக்கப்பேட்டைக்குப் பக்கம், கம்ப்யூட்டரோட உடம்ப அறுத்துக் கறிக்கடை மாதிரி பரப்பி வெச்சிருக்கிற தெரு. யுஎச்எப் ஆன்டெனான்னு கேளு. கடைக்காரன் உன்ன மேலயும் கீழயும் பாப்பான். வெக்கப்படாத, நீ போட்டிருக்கிற கம்பெனி அட்டையக் கழட்டிப் பையில வெச்சுக்க. பழைய காலத்துக் குச்சி நீளமா இருக்கும். ஏன்னா அலை நீளம். குச்சி அலையில பாதி இருக்கணும். அந்தந்த ஊர் சேனலப் பொறுத்து முக்கால் மீட்டர்லேருந்து ரெண்டரை மீட்டர் வரைக்கும் போகும். யுஎச்எப்புல 500 மெகாஹெர்ட்ஸுக்கு அலை 60 சென்டிமீட்டர். பாதி முப்பது. ஸ்கூல்ல நீ வெச்சிருந்த ஸ்கேலு நீளம். அதுதான் கணக்கு. 1920கள்ல ஜப்பான்ல யாகி, உடான்னு ரெண்டு வாத்தியாருங்க செஞ்சது. மீன் முள்ளு மாதிரி இருக்கும். வேலை எல்லாம் செஞ்சவர் உடா, பேர் நெலைச்சது மேலதிகாரி யாகிக்கு. உன் ஆபீசுல நடக்காததா என்ன.

"எச்டி 4கே ஆன்டெனா, 1000 மைல்"ன்னு அட்டைப்பொட்டியில போட்டிருந்தா தொடாத. ஆயிரம் மைலுக்கு இங்கேருந்து அந்தமான் பக்கம் போயிடலாம். என் குரு கணக்க மறக்காத. பூமி வளைஞ்சிருக்கு, அட்டைப்பொட்டிதான் நேரா இருக்கு.

வயர் உருண்டை வயரா வாங்கு. பழைய ரெட்டைப் பட்டை வயர் வேணாம். வந்து, நம்ம ஹால் சன்னல் வடக்கே பாத்துதான இருக்கு, அதுக்கு வெளிய கட்டு. இரும்பு கிரில்லுக்கு உள்ள கட்டினா கூண்டுக்குள்ள கிளிய வெச்சுட்டுப் பறக்கலையேங்கிற கதைதான். ஓசூருக்கு வாயு மூலைன்னேன், உன் வீட்டுக்கு வடக்கே, ஸ்வல்பம் மேற்கே சாச்சு. வடக்கு யாரோட திசை? குபேரன். மாசாமாசம் நீ கட்டுற காசக் கூட்டிப் பாத்தா ஏன்னு புரியும். பதினோராவது மாடி, முப்பது மீட்டருக்கு மேல. என் கணக்குப்படி உனக்கு உயரத்துலேயே இருபது கிலோமீட்டர் இனாமா வந்தாச்சு. மொட்டை மாடிக்குப் போகாத. அசோசியேஷன்காரங்ககிட்ட பர்மிஷன் கேட்டு, அவங்க வாட்ஸாப்புல ஓட்டெடுப்பு நடத்தி, கட்டடத்தோட அழகு கெடுமான்னு கமிட்டி போட்டு முடிக்கிறதுக்குள்ள உன் புள்ளைக்குக் கல்யாணம் ஆயிடும். அந்தக் கமிட்டியிலதான் போன மாசம் என் அவரைத் தொட்டியப் பத்திப் பேசினாங்களாம். பேசட்டும்.

டிவியில என்ன செய்யணும்ன்னு கேளு. செட்டிங்ஸ் போ. எல்லா இஞ்சினியரும் வழுக்கி விழற இடம் இதுதான்: சேனல் தேடுன்னா, ஆன்டெனாவா கேபிளான்னு கேக்கும். நீ பழக்க தோசத்துல கேபிள அமுக்குவ. அது காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் தேடி "ஒண்ணுமில்ல"ங்கும். நீ என்னத் திட்டுவ. ஆன்டெனாவ அமுக்கு. புது டிவிங்க பலதுக்குள்ள டி2 டியூனர் இருக்கு, வாங்கினவனுக்கே தெரியாம. வீட்டுக்குள்ள பொதையல வெச்சுக்கிட்டு வாடகைக்குக் கடப்பாரை எடுக்குற கும்பல்டா நீங்க. 2017-ல பொம்மனஹள்ளியில உங்கப்பன் குடியிருந்த வீட்ல நான் இப்படித்தான் ஸ்கேன் போட்டேன். அஞ்சும் வந்துச்சு. உங்கப்பன் டிவியப் பாக்கல, என்னப் பாத்தான். ஏதோ சூனியம் வெச்சவனப் பாக்கற மாதிரி.

இப்பதான் உனக்கு வலிக்கிற எடத்துக்கு வர்றேன். மேட்ச். 2007-ல ஒரு சட்டம் போட்டாங்க. நாட்டுக்கு முக்கியம்ன்னு கவர்மெண்டு அறிவிச்ச விளையாட்டக் காட்டுற உரிமைய எந்தத் தனியார் டிவி காசு குடுத்து வாங்கினாலும், அந்தப் படத்த தூர்தர்ஷனுக்கும் பங்கு குடுக்கணும். இந்தியா ஆடுற ஒன்டே, டி20 எல்லாம் அந்தப் பட்டியல்ல உண்டு. சரி, அப்ப கேபிள்ல டிடி நேஷனல்லயே பாத்துடலாமேன்னு நீ நெனைப்ப. பாத்தாங்க, நெறைய வருசம். காசு குடுத்து வாங்கினவன் கோர்ட்டுக்குப் போனான். 2017 ஆகஸ்டுல சுப்ரீம் கோர்ட்டு சொல்லிடுச்சு: தூர்தர்ஷனுக்குக் கிடைச்ச பங்கு, தூர்தர்ஷன் சொந்தக் கோபுரத்துலயும் அதோட சொந்தக் குடை ப்ரீ டிஷ்லயும் மட்டும்தான் போகலாம், கேபிள்காரன் வழியா அடுத்தவன் வீட்டுக்குப் போகக் கூடாது. அதாவது, பங்காளி வீட்டுக் கல்யாணத்துல நீ பந்தியில உக்காந்து சாப்புடலாம், தூக்குச்சட்டியில வாங்கிட்டுப் போகக் கூடாது.

புரியுதா பேராண்டி? மேட்ச் நடக்கறப்ப கேபிள் வெச்சவனுக்கு அதே டிடி சேனல்ல வேற ஏதோ ஓடும். குச்சி வெச்சவனுக்கு மேட்ச். காசு குடுத்தவன் வெளிய, குடுக்காதவன் முன் வரிசை. இந்த நாட்ல இப்படி ஒரு நியாயம் எப்பவாச்சும்தான் நடக்கும், அதையும் நீ சிவப்பு விளக்கப் பாத்துக்கிட்டே கோட்டை விடுற.

"போன்ல வருமா"ங்கிற. கேப்பன்னு தெரியும். 2016-ல போனுக்கு அடியில சொருகுற ஒரு கட்டைவிரல் சைசு டாங்கிள் வந்துச்சு, அதுல ஒரு குட்டிக் குச்சிய இழுத்து விட்டுக்கிட்டு பஸ்ஸுல பாக்கலாம்ன்னாங்க. நான் ஒருத்தன்கிட்டதான் பாத்தேன், அவனும் அத பல் குத்த வெச்சிருந்தான். இப்ப அடுத்த கட்டம் டைரக்ட் டு மொபைல். சிம்மு வேணாம், நெட்டு வேணாம், கோபுரத்துலேருந்து நேரா போனுக்கு. அதுக்கு வேண்டிய சில்லு செஞ்சது யாருங்கிற? இதே பெங்களூர்ல சாங்க்யா லேப்ஸ். கான்பூர் ஐஐடிகாரங்களும் கூட நின்னாங்க. 2023-ல பெங்களூர்லயே சோதனை பண்ணிப் பாத்தாங்க. 2024 சனவரியில டில்லியில ஒலிபரப்புத் துறை செகரட்டரி எழுந்து, 19 ஊர்ல சோதனை நடத்தப் போறோம், டிவியே இல்லாத வீடு நாட்ல எட்டு ஒம்பது கோடி இருக்குன்னாரு. போன் கம்பெனிக்காரனும் டவர் கம்பெனிக்காரனும் "ஐயோ, போன் வெல ஏறிடும், பேட்டரி தீந்துடும்"ன்னு கையப் பெசஞ்சான். பின்ன? ஜிபி கணக்குல நெட்டு விக்கிறவன்கிட்ட போய், ஒரு ஜிபி கூட இல்லாம படம் பாக்கலாம்ன்னா, சாராயக்கடைக்காரன்கிட்ட மோர்ப்பந்தலுக்கு நன்கொடை கேட்ட மாதிரிதான்.

இதுல எனக்கு ரொம்பப் புடிச்சது எது தெரியுமா? 2025-ல அந்தச் சில்ல வெச்சு லாவா, எச்எம்டின்னு ரெண்டு கம்பெனி போன் கொண்டு வர்றோம்ன்னு முன்னால வந்தாங்க. எந்தப் போன்? உன் கையில இருக்கிற லட்ச ரூபா கண்ணாடித் துண்டா? பட்டன் போனு. என் மடியில இருக்கே, நீ "மியூசியத்துக்குக் குடுத்துடு தாத்தா"ன்னு கிண்டல் பண்ற சாதி. கெழவன் வேட்டி மடிப்புல டிவி ஓடும், உன் போனு வட்டம் சுத்திக்கிட்டு இருக்கும். அந்த நாளுக்காகத்தான் நான் கொலஸ்ட்ரால் மாத்திரை முழுங்கிட்டு இருக்கேன்.

ஊர்ல இருக்கிற பழைய ஆன்டெனாவ எடுத்துட்டு வந்துடலாமான்னு யோசிக்கிற, மூஞ்சியில தெரியுது. அது ஒதவாது. அது வேற அலைக்குன்னு அளவெடுத்து செஞ்சது. அப்புறம், அது இப்ப சும்மா இல்ல. டிவி ஒழிஞ்ச வருசம் கழட்டி, கெணத்து மேட்ல நட்டு, அவரை ஏத்தி விட்டேன். குச்சி குச்சியா கை நீட்டிக்கிட்டு நிக்கறதுனால கொடிக்கு அப்படி ஒரு வசதி. மார்கழியானா கூடை கூடையாக் காய்க்குது. தூர்தர்ஷன் காட்டினப்பகூட உங்க பாட்டி அத அவ்வளவு ஆசையாப் பாத்ததில்ல. அந்த விதைதான் இங்க தொட்டியில போட்டது. ஆனா பாரு, பதினோராவது மாடியில காத்து பிச்சுக்கிட்டுப் போகுது, கொடி நிக்க மாட்டேங்குது. கயிறு கேட்டா உன் வீட்ல கயிறுன்னு ஒரு பொருளே இல்ல. துணி காயப் போடக்கூட மெஷினு.

எங்க எழுந்துட்ட? எஸ்.பி. ரோடு இன்னைக்கு ஞாயித்துக்கிழமை, கடை பாதி தொறந்திருக்காது. நாளைக்குப் போலாம். ஏய், அந்தக் கதவு இல்லடா, செருப்பு இந்தப் பக்கம். பால்கனியில என்ன வேலை உனக்கு?

என்னடா கத்துற? எது? மஞ்சளா, மெல்லிசா, பெட்டிக்குப் பின்னாடி தொங்கிட்டு இருந்துச்சே, அதா? நேத்து சாயங்காலம் பாத்தேன். ஒரு முனை சொருகியிருந்துச்சு, இழுத்தேன், வந்துடுச்சு. இன்னொரு முனையும் வந்துடுச்சு. வழுவழுன்னு நல்லா இருந்துச்சு, கொடி கட்ட. அதுக்குள்ள வெளிச்சம் ஓடுதுன்னு எனக்கு யார் சொன்னாங்க?

அவுக்காத. டேய், அவுக்காத கண்ணு. மேல் கணுவுல ரெண்டு பூ விட்டிருக்கு.